உபயக் கணினி

தொண்ணூறுகளின் நடுவில் மலாக்கா நகரத்துக் கணினிக் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். கோயில் நிர்வாகத்தினரும் பாலர் பள்ளிக்காரர்களும் தயங்கித் தயங்கி உள்ளே வருவார்கள். ரசீது அடிக்க ஒரு கணினி போதும் என்பவர்கள் தலையில், கடையிலேயே விலை கூடினதைக் கட்டி அனுப்பச் சொல்வார் கடை முதலாளி தவுக்கே. ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. வேலையை விட்டுவிட்டேன்.

ஆயர் குரோவில் எங்கள் வீட்டு முன்னறையில் மேசை போட்டு, வாசலில் பலகை மாட்டினேன். சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் எந்தக் கணினி வேண்டும், எது வேண்டாம் என்று சொல்வதுதான் தொழில். பொருள் விற்க மாட்டேன், யோசனைக்குத்தான் கட்டணம். இது என் கணவருக்கே புரியவில்லை. முதலில் வந்தவர் மகளுக்குக் கம்ப்யூட்டர் ஜாதகம் பார்க்கவேண்டும் என்றார். வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த ஆள் வருவதற்குள் அந்தச் சிரிப்பெல்லாம் வற்றிப்போனது.

அடுத்து வந்தவர் அலோர் காஜாவில் ஒரு மாதர் சங்கத்தை நடத்திய அக்கா. மருத்துவமனைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றியிருந்த ரப்பர் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு தொடங்க ஆசைப்பட்டார். எனக்கு அது முதல் வேலை. அதில் பேர் எடுத்தால்தான் மற்ற சங்கங்கள் கூப்பிடும். கெட்டால் பலகையைக் கழற்றவேண்டியதுதான்.

நன்கொடையைப் பணமாக வசூலித்து மொத்தமாக வாங்கலாம் என்றேன். அக்கா தலையாட்டவில்லை. கோயில் டியூப் லைட்டிலிருந்து கல்யாண மண்டப மின்விசிறி வரை உபயதாரர் பேர் எழுதிப் பழகிய ஊர். மானிட்டர் ஒருவர், பிரிண்டர் ஒருவர், மேசை ஒருவர் என்று ஏற்கெனவே பிரித்தாகிவிட்டது. எரிச்சலை விழுங்கிக்கொண்டு ஒவ்வொரு உபயதாரரையும் நானே கடைக்குக் கூட்டிப்போய், ஒன்றுக்கொன்று பொருந்துகிற மாதிரி வாங்க வைத்தேன்.

சிபியு பெட்டி ஓர் இரும்புச் சாமான் கடைக்காரரின் உபயம். மனைவியை முந்தின வருடம் இழந்தவர். அந்த அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கூலியில்தான் கடையே தொடங்கியது என்று அக்கா சொல்லியிருந்தார். பெட்டியை வீட்டில் சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டுவிட்டு, திறப்பு விழாவன்று கொண்டுவருகிறேன் என்றார். சரி என்றேன்.

விழாவன்று பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. கற்பூரம் காட்டி, பெரியவர் ஒருவர் சுவிட்சை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். லேசாகக் கருகிய வாசனை வந்தது.

பெட்டியைப் பின்னறைக்குத் தூக்கிப்போய் மாலையை விலக்கினேன். பக்கவாட்டில் பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு, அதில் அவர் மனைவியின் பேர். நாலு மூலையிலும் துளை போட்டுத் திருகாணி முடுக்கியிருந்தார். உள்ளே திறந்து பார்த்தால், ஓர் ஆணி மதர்போர்டையே துளைத்திருந்தது. இரும்புப் பீரோ என்று நினைத்தாரோ என்னவோ! கோபம் தலைக்கேறியது. திரும்பினேன். அறை வாசலில் புதுச் சட்டையோடு அவர் நின்றிருந்தார்.

தகட்டைக் கழற்றித் துடைத்து ஆணிகளோடு அவர் கையில் கொடுத்தேன்.

“இத ஒட்டினா போதும் ஐயா,” என்றேன்.

வெளியே வந்து, நான் பார்த்து எடுத்த பொருளில் கோளாறு, ஒரு வாரத்தில் மாற்றித் தருகிறேன் என்று சபைக்குச் சொன்னேன். இதற்கு எதற்கு ஓர் ஆலோசகர், நேராகக் கடையிலேயே வாங்கியிருக்கலாமே என்று பொருளாளர் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். வீடு வரை அந்த இரும்புக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் காரோட்டினேன். சொன்ன வாரத்திலேயே என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன், வகுப்பும் தொடங்கியது. ஆனால் பேச்சு அதற்குள் பரவிவிட்டது. என்னை வரச் சொல்லியிருந்த சுங்கை ரம்பாய் பாலர் பள்ளி, இப்போதைக்கு வேண்டாம் என்று போன் செய்தது.

பலகையைக் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் போன் வந்தது.

“கூட்டத்துல எழுந்து நின்னு சொல்லிட்டாருமா. ஆணி அடிச்சவன் நான், அந்தப் பிள்ள என் மானத்துக்காகத் தன் பேரக் கெடுத்துக்கிச்சுன்னு.”

ஆணியிலேயே தொழில் நடத்துகிறவருக்கு நான் கையில் கொடுத்த ஆணிகளின் நீளம் புரியாமலா இருக்கும்?

அந்த வாரமே அவர் ஆயர் குரோவுக்கு வந்தார். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ஓர் உறையை என் பக்கம் நகர்த்தினார். நான் செலவழித்ததும் அதில் இருக்கிறது என்றார். பிள்ளைகள் நிறைய சேர்ந்துவிட்டதால் வகுப்புக்கு இன்னொரு கணினி வேண்டுமாம்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நீயே பார்த்து வாங்கிரு லா.”

இதில் அந்த அம்மாவின் பேரை எங்கே போடலாம் என்று கேட்டேன்.

“இதுக்குப் பேரு வேணாம்மா,” என்றார். “அவளுக்குத் தெரியும்.”