புளியமரத்து ஜுனைது

கானோ நகரத்தில் வயசுப்பெண்ணைப் பெற்ற அம்மாக்கள் லுபாபத்துவின் பெயரைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். பிள்ளைகள் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படிக்கும், அவள் எழுதிய கதையைப் பிடுங்கி, அடுப்படியில் உட்கார்ந்து தாங்களே படித்து முடிப்பவர்களும் அந்த அம்மாக்கள்தான். எல்லாம் ஒரே கதை. பள்ளிக்கூடம் போகும் பெண் ஒருத்தி, அவள்மேல் ஆசை வைத்த ஜின் ஒருவன். முன்பெல்லாம் சந்தைக் கடைகளில் மெல்லிய புத்தகமாகத் தொங்கியது. இப்போது வாரத்துக்கு ஓர் அத்தியாயமாகப் போனில் போகிறது.

"இந்த ஜின்னெல்லாம் உங்களுக்கு எங்கேருந்து கிடைக்குது?" என்று கேட்பவர்களிடம் தன் சித்தியைச் சொல்வாள். சித்திக்கு வந்த வரனெல்லாம் தட்டிப்போனது. ஜின் புருஷன் ஒருவன் அவளைப் பிடித்து வைத்திருக்கிறான், விடமாட்டேன் என்கிறான் என்று ஆள் வைத்து ஓதினார்கள். சித்தி மட்டும் முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாளாம். அந்தச் சிரிப்பைப் பார்த்த சிறுமி வளர்ந்து, ஒரு கையால் களி கிண்டிக்கொண்டே மறுகையால் கதை எழுதுகிறவள் ஆனாள். சந்தோஷமாகத்தான் எழுதினாள், மூத்தவன் போகும்வரை.

மூத்தவனைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். எங்கள் ஊரில் பெற்றவள் தலைப்பிள்ளையின் பெயரைச் சொல்ல மாட்டாள். நாலு பேர் முன்னால் எடுத்துக் கொஞ்சமாட்டாள், அழுதால் ஓடிப்போய்த் தூக்கமாட்டாள். வெட்கம். புருஷன் பெயரை விழுங்குகிற வாய் அவன் பெயரையும் சேர்த்து விழுங்கிவிடும். பின்னால் பிறந்ததுகளைத் தொண்டை கிழியக் கூப்பிடலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நல்ல வழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அவன் பெயர் ஜுனைது. சொல்வது நான், அவள் அல்ல. அவளுக்கு அவன் வெறும் பையன்.

"ஏய் பையா, சாப்பிட வா."

"எந்தப் பையனைம்மா கூப்பிடுறே? இந்த வீட்டுல நாலு பேரு இருக்கோம்."

"சோறுன்னா முதல்ல ஓடி வர்றானே, அந்தப் பையனை."

"அப்ப அப்பாவைத்தான் கூப்பிடுறே!"

மீசை அரும்பின வயதில், ஒரு மழைக்காலத்தில், காய்ச்சல் அவன் மூளைக்கு ஏறியது. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றிப் புருஷனும் புருஷனின் அண்ணன் தம்பிகளும் நின்றார்கள். நர்ஸ் வெளியூர்க்காரி.

"அம்மா, பையனுக்கு நினைவு தப்புது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இரு."

"ஏய்... பையா..."

"பையான்னா எவன் திரும்புவான்? பேரு வைக்கலையா அவனுக்கு?"

லுபாபத்து முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலிருந்து சக்களத்தி ரக்கியாதான் "ஜுனைது, ஜுனைது" என்று கூவினாள். பையனின் கண் திறந்து, ரக்கியாவைத் தாண்டி, அம்மா நின்ற பக்கம் போயிற்று. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. சாயங்காலத் தொழுகைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கொன்றது காய்ச்சல்தான் என்று டாக்டர் சொன்னார். அவள் நம்பவில்லை.

வெகுநாள் அவள் ஒன்றும் எழுதவில்லை. பிறகு ஒருநாள் திடீரென்று ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துப் புளியமரத்தில் ஒரு ஜின். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவனால் இறங்கி வர முடியும். அவனை நேசிக்கும் ஸாலிஹாவுக்கோ கூப்பிட வெட்கம். ஜின்னுக்குப் பெயர் ஜுனைது. தடை நாக்குக்குத்தானே, விரலுக்கு இல்லையே! வேண்டிய இடத்திலும் வேண்டாத இடத்திலும் அந்தப் பெயரைத் தட்டித் தட்டி வைத்தாள். தனக்காக ஒரு பெண் வாசலில் காத்து நிற்கும் வயது வருமுன்னே அவள் பிள்ளை போய்விட்டான். அவனுக்காக ஊர்ப் பெண்களையெல்லாம் காத்து நிற்க வைத்துவிட்டாள்.

நின்றார்கள். "ஆன்ட்டி லுபா, ஜுனைதை அந்த மரத்துலேயே காய விட்டீங்கன்னா உங்க வீட்டு வாசல்ல வந்து படுத்துக்குவோம்!" என்று போனில் பேசி அனுப்பினார்கள். "உண்மையைச் சொல்லுங்க, உங்க பழைய ஆளுதானே அவன்?" என்று ஒருத்தி கேட்டாள். லுபாபத்து அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு அழுதாள்.

ஊர் ரேடியோக்காரர்களும் கதையை எடுத்து மத்தியானத்தில் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தவள் ரேடியோவில் வேலை செய்யும் லாடி. கடைசி அத்தியாயம் வருகிற வாரம் பாலைக்காற்றுப் புழுதி அடைத்து லாடியின் தொண்டை கட்டிக்கொண்டது. "நீங்களே வந்து வாசிச்சிடுங்க ஆன்ட்டி, ஊரே காத்துக்கிட்டிருக்கு" என்று ஆள் அனுப்பினார்கள்.

கதையை ஒரு வரி விடாமல் படித்திருந்த ரக்கியா, முற்றத்தில் வழியை மறித்தாள்.

"அக்கா, அந்தப் பேரை உன் வாயாலயா படிக்கப் போறே? வீட்டு ஆம்பளைங்க மொத்தமும் கேப்பாங்க."

"'அவன்'னு படிச்சு சமாளிச்சுடுவேன்."

"கடைசியில அவ கூப்பிடணுமே. 'அவனே, வா'ன்னா கூப்பிடுவா?"

லுபாபத்து அவளை விலக்கிக்கொண்டு போய் ஆட்டோ ஏறினாள்.

ரேடியோ அறையில் நன்றாகவே வாசித்தாள். பெயர் வந்த இடமெல்லாம் அவன், அவனை, அவனுக்கு என்று தாண்டிக்கொண்டே வந்தாள். ஸாலிஹா புளியமரத்தடிக்கு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். இனி கூப்பிட வேண்டியதுதான். அங்கே லுபாபத்துவின் குரல் நின்றுபோயிற்று. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவன் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினான். ஊரில் எத்தனையோ கடைகளில், சமையல்கட்டுகளில் ரேடியோ ஊமையாக இருந்தது.

"ஜுனைது."

தன் குரலில் அந்தப் பெயரை அவள் அதற்குமுன் கேட்டதில்லை.

"ஜுனைது... எந்திரிப்பா. ஜுனைது! அம்மா கூப்பிடுறேன், கண்ணைத் திற. அம்மாதான்டா."

இதெல்லாம் கதையில் இல்லை. அவசரமாக ஒரு பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் புருஷன் உட்கார்ந்திருந்தார். கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்திருக்கிறார். பக்கத்தில் அணைத்துவைத்த ரேடியோ. மானத்தை வாங்கிவிட்டாய் என்று கத்தப்போகிறார் என்று அவள் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நாங்க ஆம்பளைங்க வெளியில போய் நின்னிருக்கணும்."

அவள் அறைக்குள் போய்ப் போனை எடுத்தாள். பெண்பிள்ளைகளின் குரல்கள் வந்து குவிந்திருந்தன. ஏன் ஆன்ட்டி நிறுத்திட்டீங்க, ஸாலிஹா எதுக்கு அம்மான்னு சொன்னா, சொல்லுங்க ஆன்ட்டி, அவ கூப்பிட்டாளே, அவன் வந்தானா?

போனில் இன்னும் அனுப்பாமல் எழுதி வைத்திருந்த அத்தியாயத்தில் அவன் வந்திருந்தான், வெள்ளை அங்கியும் புதுத் தொப்பியுமாக. அதை முழுக்க அழித்துவிட்டு லுபாபத்து ஒரே வரி எழுதி எல்லோருக்கும் அனுப்பினாள்.

"வரலை. அவ ரொம்ப நேரம் கழிச்சுத்தான் கூப்பிட்டா."