இருநூறு மில்லிசெகண்ட் பொறுமை

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு மில்லுக்கு நாங்கள் ஒரு பெரிய டிவி மாட்டிக் கொடுத்தோம். முதலாளி அறைச் சுவரில், நாற்பது தறிக்கு நாற்பது கட்டம். தறி ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. அறைக் கதவைத் திறந்து பத்து எட்டு வைத்தால் தறிகள் கண்ணெதிரே நிற்கும். ஆனால் நடப்பதற்கா ஒருவர் முதலாளி ஆகிறார்?

டிவிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதற்குள் ஓடுகிற நிரலை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதியவன் நான். ஒரே ஒயர் வழியாக ஒவ்வொரு தறியின் மீட்டரையும் வரிசையாக, 'ஓடுகிறாயா?' என்று அது கேட்கும். பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று நாம் ஓர் எண் கொடுக்க வேண்டும். அதுதான் டைம்அவுட். முதலில் தாராளமாக ஒரு செகண்ட் கொடுத்திருந்தேன்.

செய்து காட்டிய அன்று முதலாளி ஒரு தறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, டிவியைப் பார்த்தபடி விரல் விட்டு எண்ணினார். மீட்டர் மாட்டாத சில தறிகளுக்கும் பெட்டி ஒவ்வொரு செகண்டாகக் காத்திருந்ததால், சிவப்பு வருவதற்குள் ஏழு விரல் ஆகிவிட்டது. "இம்புட்டு நேரமா?" என்றார். கூட வந்திருந்த என் மேலதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். அங்கேயே அதை இருநூறு மில்லிசெகண்டாக வெட்டினேன், அதாவது ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு. பதில் வராவிட்டால் இன்னொரு முறை கேட்கிற வழக்கத்தையும் தூக்கினேன். பதில் வராத கட்டத்துக்குத் தனி நிறம் கொடுக்கச் சோம்பல்பட்டு அதற்கும் சிவப்பையே போட்டேன். எல்லோருக்கும் பரம திருப்தி.

இரண்டு மாதம் கழித்து, முதலாளி வீட்டு ஹாலிலும் ஒரு டிவி வேண்டும் என்று கூப்பிட்டார்கள். மேனேஜர் மேசை முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். வ. புதுப்பட்டியிலிருந்து பதினோரு வருடமாக வேலைக்கு வருகிறவர். கடைசி வரிசையில் உள்ள ஆறு பழைய தறிகள் அவர் பொறுப்பு. தறியை நிறுத்திவிட்டு எங்கோ போய்விடுகிறார் என்று ஏற்கெனவே இரண்டு மெமோ கொடுத்தாயிற்று. மூன்றாவது டைப் ஆகிக்கொண்டிருந்தது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

"உங்க பெட்டி வந்த பொறவுதான் சார் அவங்கவங்க லட்சணம் தெரியுது" என்றார் மேனேஜர். நான் பெருமையாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தறி நிக்கல சார். நெய்த துணி அங்கதான் கெடக்கு, அளந்து பாக்கச் சொல்லுங்க."

டிவியே தெளிவாகக் காட்டும்போது துணியை எதற்கு அளக்க வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு வேறு வேலை இல்லாததால் போய்ப் பார்த்தேன். அவருடைய துணிச் சுருள்கள் மற்றவர்களுடையதைப் போலவே பருத்திருந்தன. என் கண் முன்னால் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த தறி, என் லேப்டாப்பில் சிவப்பாக மின்னியது. முதல் நாள் மீட்டர் இல்லாதிருந்த இந்தப் பழைய தறிகளுக்குப் பிறகு சிக்கனமாக வேறு ரக மீட்டர் வாங்கி மாட்டியிருந்தார்கள். புதியவை ஐம்பது மில்லிசெகண்டில் பதில் சொல்ல, இவை சில சமயம் நானூறு எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கின்றன. நான்தான் அதைக் காதில் வாங்காமல் அடுத்த தறிக்குப் போயிருக்கிறேன்.

பழைய தறிகளுக்கு எண்ணூறு மில்லிசெகண்ட், மூன்று முறை கேட்பது, பதில் இல்லாவிட்டால் மஞ்சள். இதெல்லாம் பத்து நிமிட வேலை. மூன்றாவது மெமோவும் நின்றது. முதலாளி டிவியைப் பார்த்து, ரெண்டு மெமோ கொடுத்ததும் தறி எப்படி ஓடுகிறது பாருங்கள் என்றார். நடந்ததை என் மேலதிகாரியிடம் போனில் சொன்னேன். சாஃப்ட்வேர் அப்டேட் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பு என்றார். நானும் அப்படியே நழுவத்தான் பார்த்தேன்.

வாசலில் அந்தப் பெண் நின்றார். "அந்த ரெண்டு மெமோ என்னாச்சு சார்? தப்பு எம்மேல இல்லன்னு எழுதிக் குடுங்க."

ஆயிரக்கணக்கான வரி நிரல் எழுதியவனுக்கு நாலு வரிக் கடிதம் அரை மணி நேரம் பிடித்தது. 'தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட தவறான பதிவு' என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். அவர் எழுத்துக்கூட்டி முழுதும் படித்தார்.

"தப்ப யாரு செஞ்சாகன்னு இதுல இல்லயே" என்றார்.

கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். தறிகள் நிற்கவில்லை, பதில் வரும்வரை பொறுக்காதபடி நிரல் எழுதியது நான், இவர்மேல் தவறில்லை. கையெழுத்தும் போட்டேன். முதலாளி படித்தார். ஃபைலிலிருந்து இரண்டு மெமோவையும் உருவிக் கிழித்துப்போட்டார். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை, தாளில் எழுதியதே போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் கடிதத்தை வாங்கிக்கொண்டு மில் கேட்டுக்கு எதிரே இருந்த கடைக்குப் போய் ஜெராக்ஸ் எடுத்து வந்தார். மூலத்தை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு, நகலை மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார். மெமோவைத்தான் கிழித்தாயிற்றே, இது எதற்கு என்று கேட்டேன்.

"நாளைக்கு வேற பெட்டி கொண்டாந்து மாட்டுவீகள்லா சார்" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார்.