தொடர்ச்சியாகக் குடியிருந்தவர்கள்

அந்தத் திட்டம் தோற்றுப்போய்விட்டது என்று இப்போது எல்லோரும் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். கூட்டங்களில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. தோற்ற விடயம் தோற்றதோடு நின்றிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

நான் கிளிநொச்சி மாவட்டத்துச் செயலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். எந்தச் செயலகம் என்று எழுதப் போவதில்லை. இன்னும் அங்கேதான் காலையில் கையெழுத்து வைக்கிறேன். கைரேகை மெஷின் ஒன்றும் சுவரில் இருக்கிறது. அது பழுதாகிய நாளிலிருந்து அதற்குக் கீழே ஒரு மேசை போட்டு, கையெழுத்துப் புத்தகத்தை வைத்திருக்கிறார்கள். வீடு நெளுக்குளத்தில். திங்கள் விடிய பஸ் ஏறினால் வெள்ளி பின்னேரம்தான் திரும்புவேன். பட்டதாரிகளுக்கு அரசாங்கம் வேலை கொடுத்தபோது கிடைத்த உத்தியோகம் இது. என்ன வேலை என்று வேலை தந்தவர்களுக்கே தெரியாது. காணிக் கிளையில் ஒரு கதிரை காலியாக இருந்தது, அதில் என்னை இருத்தினார்கள்.

பதிவு வேலைக்கென்று டெப்புகள், அந்தக் கையடக்கக் கணினிகள், வந்தபோது நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். யுத்தத்தோடு எங்கள் பக்கத்துக் காணிக் கோப்புகளில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி மழையில் நனைந்து, காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அலுமாரியில் கிடந்தது. அரச காணியில் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் வீடுவீடாகப் போய்ப் பதிவது, தகுதியானவர் யார் என்று சிஸ்டமே சொல்லும், அவர்களுக்குக் காணி அனுமதிப்பத்திரம் கொடுப்பது: இதுதான் திட்டம். சனத்தைக் கந்தோருக்கும் வீட்டுக்கும் இழுத்தடிக்கிற வேலை இனி இல்லை என்று நம்பினேன். அப்படி நம்பியதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எரிச்சல் வருகிறது.

வவுனியாவில் ஒரு மண்டபத்தில் பயிற்சி நடந்தது. கொழும்பிலிருந்து வந்தவர் நல்ல மரியாதையான மனிதர். அவர் பேசுவதை இன்னொருவர் தமிழில் சொன்னார். பதினேழாவது கேள்வி திரையில் வந்தது. "இக்காணியில் தொடர்ச்சியாகக் குடியிருந்துள்ளாரா?" கீழே இரண்டு பெட்டிகள், ஆம், இல்லை. வேறொன்றும் இல்லை.

நான் கையை உயர்த்தினேன். கடைசிச் சண்டையில் வன்னிக்குள் ஒருவரும் தன் வீட்டில் இருக்கவில்லை. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, வெளியே விட்ட பிறகுதான் திரும்பி வந்தோம். இந்தக் கேள்விக்கு எதைப் போடுவது என்று கேட்டேன். எத்தனை பேரை இது பாதிக்கும் என்று அவர் திருப்பிக் கேட்டார். எல்லோரையும் என்றேன். நான் பெருப்பித்துச் சொல்கிறேன் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. நல்ல கேள்வி, அடுத்த வேர்ஷனில் பார்ப்போம் என்று சொல்லிக் கொப்பியில் எதையோ குறித்துக்கொண்டார். மண்டபம் நிறைய இருந்தவர்கள் அவ்வளவு பேரும் ஏதோ ஒரு நாள் பதுங்குகுழிக்குள் கிடந்தவர்கள். அவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தேநீர் இடைவேளையில் எங்கள் கிளைக்குப் பொறுப்பான சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கொழும்பில இருந்து வந்தவைக்கு முன்னால உந்தக் கதையெல்லாம் ஏன்? எங்கட கந்தோர்க்காரருக்கு ஒண்டும் விளங்கேல்லை எண்டெல்லோ நினைப்பினம்."

"கேள்வி பிழை சேர்."

"கேள்வி பிழையெண்டால் அது கேட்டவையின்ர பிழை. நீங்கள் மறுமொழியைப் போட்டிட்டு வாங்கோ."

அவர் கெட்டவர் இல்லை. பென்ஷனுக்குக் கிட்ட இருந்தவர். அவருக்கு வேண்டியதெல்லாம் முன்னேற்றக் கூட்டத்தில் எங்கள் பிரிவு பச்சையாகத் தெரிய வேண்டும் என்பது. அந்தக் கூட்டத்தில் மாவட்டப் படம் ஒன்றைத் திரையில் போடுவார்கள். பதிவு முடிந்த பிரிவு பச்சை, இழுபடுகிற பிரிவு மஞ்சள், சிக்கல் உள்ளது சிவப்பு. சிவப்புக்காரர் எழும்பி நின்று விளக்கம் சொல்ல வேண்டும். பதிந்தது சரியா என்று அந்த மண்டபத்தில் ஒருவர்கூடக் கேட்டதை நான் காணவில்லை. சிக்கல் இருக்கிறது என்று சொன்னவர்தான் சிக்கலாகிப்போனார். அதனால் எல்லோரும் பச்சையாக இருக்கப் பழகிக்கொண்டார்கள்.

பக்கத்து மேசை அண்ணைக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. அவர் தன் பக்கத்து வேலையை மளமளவென்று முடித்துக்கொண்டிருந்தார்.

"பதினேழாவதுக்கு என்ன போடுறீங்கள் அண்ணை?"

"எல்லாருக்கும் ஓம்தான். அவங்கள் சண்டையைப் பற்றியே கேக்கிறாங்கள் தங்கச்சி? இஞ்ச சண்டை நடந்ததே அந்தக் கேள்வி எழுதினவனுக்குத் தெரியாது."

"கையெழுத்துப் போடுறது நாங்களெல்லோ?"

"அப்ப நீர் உண்மையைப் போடும். பாப்பம்."

எனக்கு அவர்மேல் இளக்காரம். பொய் எழுதித் தப்புகிற ஆள் என்று மனதுக்குள் வைதேன். தரவு சுத்தமாக இருந்தால்தான் சிஸ்டம் சுத்தமாக இருக்கும் என்று பயிற்சியில் சொன்னதை நான் நல்ல பிள்ளையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

எனக்குத் தரப்பட்டது தர்மபுரத்துக்கும் அப்பால் உள்ள ஒரு குடியேற்றம். பெரும்பாலும் மலையகத்திலிருந்து எழுபதுகளின் கடைசியில் கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். ஒழுங்கையில் முதல் வீடு ஓர் அம்மாவுடையது. சிறு பிள்ளையாகத் தாய் தகப்பனோடு வந்து, காடு வெட்டின காணியிலேயே வளர்ந்து, கலியாணம் முடித்து, கடைசிச் சண்டையில் கணவரைப் பறிகொடுத்தவர். மகளோடும் பேரப்பிள்ளையோடும் தகரக் கொட்டில் ஒன்றில் இருந்தார். மற்ற வீடுகளும் அப்போது தகரம்தான். வயல் வேலைக்குப் போகாமல் எனக்காக அன்றைக்கு நின்றிருந்தார். கதிரையைத் துடைத்துப் போட்டு, பிளேன்ரீ தந்தார்.

பதினாறு கேள்வியும் ஒழுங்காகப் போயின. பதினேழாவதை வாசித்தேன்.

"எப்படிச் சொன்னா நல்லது மிஸ்?"

"உள்ளதைச் சொல்லுங்கோ அம்மா."

"உள்ளதுன்னா, ஓடுனோம். எல்லாரும்தான் ஓடுனாங்க. முகாம்ல இருந்து விட்டதும் முதல் பஸ்லயே வந்து எறங்கிட்டேன். கெணறு மட்டுந்தான் இருந்துச்சு."

"அப்ப தொடர்ச்சியா இருக்கேல்லை."

"இருக்க விட்டாத்தானே மிஸ்."

நான் "இல்லை" என்ற பெட்டியைத் தொட்டேன். கையெழுத்துக்குப் பதிலாகத் திரையில் அவருடைய விரலைப் பிடித்து வைத்தேன். வெளியே வரும்போது எனக்கு மனதுக்குள் ஒரு பெருமை இருந்தது. வேலையைச் சரியாகச் செய்கிற ஒரே ஆள் நான்தான் என்ற பெருமை. இதை எழுதாமல் விட்டால் மற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அன்றைக்கு அந்த ஒரு வீட்டோடு மழை பிடித்துக்கொண்டது. கந்தோருக்கு வந்து பதிவை அனுப்பினேன். சற்று நேரத்தில் திரையில் "தகுதியற்றவர்" என்று வந்தது. அதன் கீழே "அத்துமீறிக் குடியிருப்பவர்" என்று இருந்தது. மறுநாள் எங்கள் பிரிவுப் படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. சேர் என் மேசைக்கே வந்துவிட்டார். அவர் சத்தம் போடவில்லை. இனி எல்லோருக்கும் "ஆம்" போடும்படி மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணை தலை நிமிராமல் சிரித்தார்.

நான் போட்டேன். அந்த ஒழுங்கையில் மீதி இருந்த அத்தனை வீட்டுக்கும் "ஆம்" போட்டேன். கேள்வியை வாசிக்கவே இல்லை, பதினாறிலிருந்து நேரே பதினெட்டுக்குப் போனேன். எல்லோரும் தகுதியானவர்களானார்கள். முதல் வீட்டம்மா மட்டும் நான் நேர்மையாக இருந்த ஒரே ஒரு நாளில் அகப்பட்டுக்கொண்டார்.

அந்தப் பதிவைத் திருத்த வேண்டும் என்று சேரிடம் போய் நின்றேன். திருத்தப் படிவம் ஒன்று இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"இதில என்ன பிழை நடந்தது எண்டு எழுதோணும். நீங்கள் பதிஞ்சதில என்ன பிழை?"

"பிழை எண்டு இல்லை சேர். அவா சொன்ன உண்மையைத்தான் போட்டனான்."

"அப்ப திருத்திறதுக்கு என்ன இருக்கு? பிழையெண்டால் திருத்தலாம் பிள்ளை. உண்மையை எப்பிடித் திருத்திறது?"

அவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை. படிவம் அப்படித்தான் இருந்தது. அந்த அம்மா பொய் சொன்னார் என்று எழுதினால் அவருக்கு வழக்கு. நான் பொய்யாகப் பதிந்தேன் என்று எழுதினால் எனக்கு விசாரணை. கேள்வி பிழை என்று எழுத அதில் இடம் இல்லை. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். பதிவு பிழையா என்று ஒரு பெண் பிள்ளை அன்பாகக் கேட்டாள். பிழை இல்லை என்றேன். அப்படியென்றால் சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டாள். படிவத்தை மடித்து மேசை லாச்சியில் போட்டேன். விசாரணைக்குப் பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

பிறகு சிஸ்டம் செத்தது. ஒரு திங்கட்கிழமை உள்ளே போகிற பக்கம் திறக்கவில்லை. அடுத்த திங்களும் திறக்கவில்லை. செய்து கொடுத்தவர்களின் ஒப்பந்தம் முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். டெப்புகளைச் சேகரித்து, நனைந்த கோப்புகள் இருந்த அதே அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். எனக்கு உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது. அதோடு அந்த "இல்லை"யும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

போகவில்லை. சேர் முன்யோசனைக்காரர், சிஸ்டம் தந்த தகுதிப் பட்டியலை அச்செடுத்துக் கோப்பில் போட்டிருந்தார். அதை வைத்து அனுமதிப்பத்திரம் கொடுத்தார்கள். அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்கு வீட்டுத்திட்டம் வந்தது. அந்த ஒழுங்கையில் அத்திவாரம் வெட்டினார்கள், கல் அடுக்கினார்கள், ஓடு போட்டார்கள். முதல் காணியில் மட்டும் தகரம். சிஸ்டம் தோல்வி என்று கூட்டத்தில் ஒத்துக்கொண்ட அதே ஆட்கள், அந்த அம்மா கந்தோருக்கு வந்தால் அதே சிஸ்டம் தந்த தாளைத் திருப்பிக் காட்டினார்கள். அவரை வாசலில் கண்டால் நான் தேநீர் குடிக்கப் போகிற மாதிரி பின்பக்கத்தால் போவேன். பல தடவை அப்படிப் போயிருக்கிறேன்.

இந்த வருடம் புதுத் திட்டம் வந்திருக்கிறது. வேறு பெயர், வேறு ஆட்கள், வேறு டெப். சேர் பென்ஷனில் போய்விட்டார். அண்ணை இப்போது எங்களுக்குப் பயிற்சி தருகிறார். பதினேழாவது கேள்வி இப்போது இருபத்திரண்டாவதாக இருக்கிறது, சொல் மாறவில்லை. என் பழைய பகுதியையே எனக்குத் தந்தார்கள். நான் நேரே முதல் வீட்டுக்குப் போனேன்.

அம்மா மெலிந்திருந்தார். மகள் புருஷனோடு முல்லைத்தீவுக்குப் போய்விட்டாளாம். இந்தத் தகரத்துக்குள் இருக்க மருமகனுக்குப் பிடிக்கவில்லை என்றார். அவர் கதிரையைத் துடைக்க முன்னமே நான் அதில் இருந்துவிட்டேன். இருபத்திரண்டை நான் வாசிக்கவில்லை. "ஆம்" என்ற பெட்டியைத் தொட்டேன். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. முன்னைய பதிவில் "இல்லை" என உள்ளது, முரண்பாட்டுக்கான சான்றை இணைக்கவும். வேலை சீக்கிரம் முடிந்ததாகக் காட்ட, பழைய சிஸ்டத்தில் இருந்ததை அப்படியே அள்ளிப் புதியதுக்குள் கொட்டியிருந்தார்கள்.

மறுபடியும் தொட்டேன். மறுபடியும் அதே வரி. அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறலியா மிஸ்?"

"ஏறுதில்லை அம்மா. பழசில இல்லை எண்டு கிடக்கு."

"அது நீங்க போட்டதுதானே?"

"ஓம். நான்தான் போட்டனான்."

அவர் ஒழுங்கையைப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஓட்டில் வெயில் விழுந்திருந்தது. அவர்களுக்கு நான் எதைப் பதிந்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடமும் அதைப் பற்றி அவர் கந்தோரில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்களுடைய வீடு போயிருக்கும்.

"அவங்களும் நாங்களும் ஒரே டிராக்டர் பெட்டியிலதான் மிஸ் ஓடுனோம். அவங்க புள்ளைய என் மடியிலதான் வச்சிருந்தேன். இப்ப கவர்மெண்டு கணக்குல அவங்க ஓடவே இல்ல. நான் மட்டுந்தான் ஓடியிருக்கேன்."

கோபமில்லாமல்தான் சொன்னார். அடுத்த வீட்டில் ஆட்கள் வேலைக்குப் போக முன் என்னைப் போய்ப் பதியச் சொன்னார்.