எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

கெரோந்திரை என்ற மலையூரில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் நிகாசோ. ஸ்பார்த்தாக்காரர்கள் கூப்பிட்ட சண்டைக்குப் போன அவள் அப்பன் திரும்பவில்லை. அண்ணனும் திரும்பவில்லை. புருஷன் தாமிப்போஸ் மட்டும் ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். இத்தனையையும் வாங்கிக்கொண்ட போர்ச்சாமி ஏரஸின் முகத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. மேலே தோப்புக்குள் இருக்கும் அவன் கோயில் கதவு வருஷத்தில் ஒரு நாள், திருவிழாவன்றுதான் திறக்கும். அன்றைக்குத்தான் பெண்கள் தோப்புக்குள் கால் வைக்கக் கூடாது.

ஆனால் விருந்துக்கு ரொட்டி மட்டும் பெண்கள் சுட வேண்டும். விடியுமுன் எழுந்து, வாற்கோதுமை மாவைப் பிசைந்து, சுட்டு, கூடையோடு மலையேறி, தோப்பின் எல்லைக்கல்லில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கல்லைத்தான் அவள் பார்த்து வருகிறாள்.

இந்த வருஷம் ரொட்டி வாசனைக்கு அவளுடைய ஒரே ஆடும் பின்னாலேயே வந்துவிட்டது. நிறைசினை. கூடையை இறக்கிவிட்டு நிமிர்வதற்குள் அது கல்லைத் தாண்டித் தோப்புக்குள் போய், கோயில் படியருகே படுத்துவிட்டது. வலி வந்துவிட்டது என்று முதல் கத்தலிலேயே அவளுக்குத் தெரிந்தது.

"ஏய்யா, இங்க வா. ஆடு ஈனப்போவுது. போய்ப் பாரு."

விருந்துக்கு வந்து தோப்புக்குள் நின்ற தாமிப்போஸ் கையில் திராட்சை ரசக் கிண்ணத்தோடு எட்டிப் பார்த்தான். "நான் என்னத்தப் பாக்குறது? நீதான பாப்ப எப்பவும்."

"நான் உள்ள வந்துரட்டா?"

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஆட்டிடம் போனான்.

அடுத்து நடந்ததை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றும். முப்பது ஆம்பிளைகள் சுற்றி நின்றார்கள். ஈட்டி பிடிக்கத் தெரிந்த கை ஒன்றுக்கும் குட்டியின் காலைப் பிடிக்கத் தெரியவில்லை. இவள் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று தொண்டை வற்றக் கத்தினாள். "இழுக்காத. முன்னங்கால் ரெண்டும் வருதா பாரு. அது பின்னங்கால்யா, கண்ணு எங்க இருக்கு உனக்கு?" ஆடு முக்க, தாமிப்போஸும் சேர்ந்து முக்க, ஒருவழியாகக் குட்டி விழுந்தது. கிடாக்குட்டி.

பூசாரி எவால்கெஸ் அப்போதுதான் கோயிலுக்குள்ளிருந்து வெளியே வந்தார். படியெல்லாம் ரத்தமும் நஞ்சுக்கொடியும். பிரசவத் தீட்டு பட்ட இடத்தில் பலி கொடுக்க முடியாது. முகம் கறுத்துவிட்டது அவருக்கு.

"பொட்டை ஆட்ட வெளிய தள்ளுங்க. கிடா சாமி எடத்துல பொறந்துருக்கு, அது சாமிக்கு. தாமிப்போஸ், நீ ஏற்கெனவே தீட்டு. நீயே கழுவி விடு."

ஆட்டை ஓட்டிவந்து கல்லுக்கு வெளியே விட்டார்கள். அது திரும்பி நின்று தோப்பைப் பார்த்துக் கத்தியது. மடியில் குட்டி வாய் வைக்காவிட்டால் இந்த ஆடு சொட்டுப் பால் இறக்காது. பால் இல்லாவிட்டால் பாலாடைக்கட்டி இல்லை. குளிர்காலம் முழுக்க வெறும் ரொட்டிதான்.

"பூசாரி ஐயா, குட்டியக் குடுத்துருங்க."

"சாமி சொத்தக் கேக்குறியா?"

"உங்க சாமிய ரெண்டு ராட்சசப் பயலுவ வெண்கல ஜாடிக்குள்ள போட்டு அடச்சு வச்சானுவளே, வருஷத்துக்கு மேல உள்ளயே கெடந்தாரே, அப்ப யாரு போய் மத்த சாமிங்ககிட்டச் சொல்லி வெளிய வந்தாரு? அவனுவ சித்திதான? அவளும் பொம்பளதான? அன்னைக்குத் தீட்டு இல்லையா?"

ஆம்பிளைகளில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். பூசாரி தாமிப்போஸைப் பார்த்து, "நீ கழுவுடா" என்றார்.

"யோவ்," என்றாள் நிகாசோ, "குட்டி இங்க வராம தண்ணிக் குடத்தத் தொட்டீன்னா, ராத்திரி இந்தக் கல்லுமேலயே படுத்துக்க."

தாமிப்போஸ் பூசாரியைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், காலை நீட்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "கால் வலிக்குது ஐயா. கொஞ்சம் பொறுத்துக் கழுவுறேன்."

வெயில் ஏறியது. படியில் ஈ மொய்த்தது. தீட்டைத் தொட வேறு ஒருவரும் முன்வரவில்லை. பலிக்கட்டையில் கட்டியிருந்த காளை சாணி போட்டுக்கொண்டே நின்றது. பசித்தவர்கள் முதலில் முணுமுணுத்து, பிறகு சத்தமாகவே கேட்டார்கள்: "ஒரு குட்டிக்காக எங்க எல்லாரையும் பட்டினி போடப் போறீங்களா?"

எவால்கெஸ் கடைசிவரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எடுத்துட்டுப் போகச் சொல்லு," என்று காளையிடம் சொல்வதுபோல் சொன்னார்.

தாமிப்போஸ் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்ப் படியைக் கழுவினான். தீட்டுப்பட்டவனுக்குப் பந்தியில் இடமில்லை என்று அவனையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். கறி போச்சே, கறி போச்சே என்று இறக்கம் முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தான்.

"சாமி எப்படிய்யா இருந்துச்சு? பாத்தியா?" என்று கேட்டாள் நிகாசோ. கையில் குட்டி நெளிந்தது.

"ஆட்டத்தான பாத்தேன். சாமிய யாரு பாத்தா?"

அவள் நடையை எட்டிப் போட்டாள். அடுத்த வருஷமும் ரொட்டி சுட வேண்டும்.