நம்பர் பிளேட்டுக்குப் பின்னால்

நீடாமங்கலத்தில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் மீரா உசேனுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. முன்பு அடித்தவனைத் திட்டாமல் வேலையைத் தொடங்க மாட்டார். அடியில் என்ன நிறம் இருக்கிறது என்று பார்க்காமல் விடவும் மாட்டார். நாலணாக் காசு அகலத்துக்குத் தேய்த்து, வளையம் வளையமாக வரும் பழைய நிறங்களை எண்ணுவார். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டால், "தெரிஞ்சுக்கணும்ல" என்பார்.

போன ஆவணியில் செந்தாமரை தன் பழைய பிக்கப்பைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். கணவர் இறந்த பிறகு ஏழு ஏக்கருக்குக் கிட்ட வரும் ஒரு வேலி நிலத்தைத் தனியாளாகச் சாகுபடி செய்கிறவர்.

"பாய், இந்த வண்டி வாங்கினப்ப என்ன கலர்னு பார்த்துச் சொல்லுங்க. நான் பச்சைங்கிறேன். மெட்ராஸ்ல இருக்கிற என் மவன் ராஜ்குமாரு, எப்பவுமே வெள்ளைதாங்கிறான். எனக்கு மறதி வந்துடுச்சாம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு அவன்கூட வந்துடணுமாம்."

"வண்டி கலருக்கும் நிலத்துக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"போன மாசம் ஒருநாள் வயல் மோட்டாரை நிறுத்த மறந்துட்டேன். அதுலேர்ந்து நான் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறான். இப்ப எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல. வெள்ளைன்னா வெள்ளைன்னே சொல்லிடுங்க. அவன் சொல்றபடி கிளம்பிடுறேன்."

மீரா உசேனுக்குக் கை பரபரத்தது. பானட்டில் தேய்த்தார். வெள்ளை, அதன் கீழே சாம்பல் நிறப் பிரைமர், அதற்கும் கீழே வெறும் தகரம். கதவிலும் அப்படித்தான். டீசல் மூடிக்குள்ளும் அப்படித்தான்.

"அடியில ஏதாவது இருந்திருந்தாலும் தகரம் வரைக்கும் சுரண்டிட்டு அடிச்சிருக்கான் படுபாவி" என்றார். ஒவ்வோர் இடத்திலும் வெள்ளை வர வர, செந்தாமரையின் முகம் வாடிக்கொண்டே போனது. பார்க்கவே பாவமாக இருந்தது.

கடைசியில் மீரா உசேன் பின்பக்கம் போய்க் குனிந்தார். நம்பர் பிளேட்டின் ஓரமெல்லாம் வெள்ளைப் பெயிண்ட் அப்பியிருந்தது.

"பிளேட்டைக் கழட்டாமலே சுத்தி அடிச்சிருக்கான் பாருங்க! சோம்பேறிப் பய. இவனையெல்லாம் யாரு தொழிலுக்கு விட்டது?"

செந்தாமரை ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

மீரா உசேன் துருவேறிய போல்ட்டுகளோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டிப் பிளேட்டைக் கழற்றினார். பின்னால் மஞ்சள் நிறம்!

"நீங்க சொன்னதும் இல்ல, உங்க மவன் சொன்னதும் இல்லக்கா."

செந்தாமரை காலி பெயிண்ட் டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

மீரா உசேன் வழக்கம்போல் சோப்புத் தண்ணீரைத் தொட்டு உப்புத்தாளால் ஓர் இழுப்பு இழுத்தார். மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறியது. முப்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு பெயிண்டை அவர் பார்த்ததில்லை. வெடுக்கென்று கையை எடுத்தார்.

எத்தனையோ முறை ஆரத்தி கரைத்த செந்தாமரைக்கு அந்தச் சிவப்பு புதிதல்ல. எழுந்து கிட்டே வந்தார்.

"பாய், இது பெயிண்ட் இல்ல. நான் பூசின மஞ்சத்தூள். சுண்ணாம்பு பட்ட மாதிரி சோப்பு பட்டுச் செவந்திருக்கு. நம்பர் வர்றதுக்கு முன்னாடியே வண்டிக்குப் பூசை போட்டோம். குழைச்சு அங்கதான் அப்பினேன். துடைங்க, நல்லாத் துடைங்க!"

துடைத்தார். உள்ளங்கை அகலத்துக்கு இலைப்பச்சை பளபளத்தது.

செந்தாமரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு சிரித்தார். போனில் படம் பிடித்து மகனுக்கு அனுப்பினார்.

"இன்னொண்ணும் ஞாபகம் இருக்கு பாய். அதுவும் நானா கற்பனை பண்ணிக்கிட்டதோன்னு பயந்துதான் இவ்வளவு நேரம் வாயைத் திறக்கல."

"என்னக்கா?"

"இதுக்கு வெள்ளை அடிச்சதே நீங்கதான். ராஜ்குமாருக்கு அப்ப ரெண்டு வயசு. உங்களுக்கு மீசைகூடச் சரியா வளரல."

மீரா உசேன் நம்பர் பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு யோசித்தும் அவருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. செந்தாமரை வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.