மாடு முந்தியா, மனுசன் முந்தியா

நான் வாழ வந்த வீட்டில் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் உலகம் புதிதாகப் படைக்கப்படும். சாயங்காலம் விளக்குப் போட்டதும் பாய் விரித்து உட்கார்ந்து, பைபிளை, அவர்கள் பேச்சில் வேதத்தை, முதல் அதிகாரத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவார்கள். வருடத்துக்குள் முழுவதையும் முடித்துவிட வேண்டும் என்பது தீர்மானம். பிப்ரவரியில் லேவியராகமத்துப் பலி முறைகள் வந்ததும் ஆளாளுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். வாசிப்பு மெல்லச் சங்கீதப் புத்தகத்துக்குத் தாவிவிடும். அடுத்த ஜனவரியில் மறுபடியும் உலகம் படைக்கப்படும். அதனால் படைப்புக் கதை அந்த வீட்டில் எல்லாருக்கும் தண்ணீர் பட்ட பாடு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எனக்குப் பிறந்த வீடு கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம், விவசாயக் குடும்பம். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பொம்மை செய்கிற இடத்துக்கு வேலைக்குப் போனபோது என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், பிடித்தது, ஞானஸ்நானம் எடுத்துக் கட்டிக்கொண்டேன். அனுப்பும்போது என் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். அங்கே போய் வாயைக் கட்டு என்றாள். பெற்றவளுக்குத் தெரியாதா என் வாய்?

அந்தப் பெண் கல்யாணத்துக்காகத்தான் முழுகி எழுந்திருக்கிறாள், விசுவாசமெல்லாம் கிடையாது என்று சபையில் சிலர் முணுமுணுத்தார்களாம். என் மாமனார் ஒருவர்தான் எழுந்து நின்று, அந்தப் பெண்ணுக்கு நான் பொறுப்பு என்று சொன்னவர். எஸ்டேட்டில் அச்சு வார்க்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், அதிகம் பேசமாட்டார். அவர் என்னால் தலைகுனியக் கூடாதே என்பது ஒன்றுதான் அந்த வீட்டில் எனக்கிருந்த பயம்.

கல்யாணமாகி வந்த முதல் ஜனவரி. மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், நான் என்று வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிக்க வேண்டும். பிறவிக் கிறிஸ்தவர்களுக்கு இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. தன் முறைக்கு எந்த வசனம் வரும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, அதை மனசுக்குள் ஒருதரம் ஓட்டிவிடுவார்கள். மற்றவர் வாசிப்பதைக் கேட்பதில்லை. என் வீட்டுக்காரர் அதில் கெட்டிக்காரர். எனக்கு அந்த வித்தை தெரியாது. எங்கே தப்பு செய்துவிடுவேனோ என்று எல்லா வசனத்தையும் விரல் வைத்துக்கொண்டே கேட்டேன். வந்த வினை அதுதான்.

முதல் நாள் முதல் அதிகாரம். வெளிச்சம், வானம், செடிகொடி, சூரியன், மீன், பறவை, மிருகம், கடைசியில் ஆணும் பெண்ணுமாக மனிதர்கள். எல்லாம் வாய் வார்த்தையிலேயே நடக்கிறது. ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து உத்தரவு போடுகிற முதலாளி மாதிரி இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் இரண்டாம் அதிகாரம். அதில் கடவுள் கீழே இறங்கி, மண்ணைக் கையில் எடுத்து மனிதனை உருவாக்குகிறார். எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் ஓரத்தைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவதுதான் எனக்கு நாள் முழுக்க வேலை. நம்ம ஊர் வேலையைச் சாமியும் செய்திருக்கிறது என்று பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் தன் வசனத்தைக் கடகடவென்று வாசித்தார். மனிதன் தனியாக இருப்பது நல்லதல்ல என்று கடவுள் மண்ணிலிருந்து மிருகங்களையும் பறவைகளையும் உண்டாக்கி அவனிடம் கொண்டுவருகிறார். அடுத்தது என் முறை. நான் வாசிக்கவில்லை. என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. ஞானஸ்நானத்தில்கூட அது இறங்கியிருக்கவில்லை.

"மாமா, நேத்து ஆடு மாடெல்லாம் வந்த அப்பறம்தான மனுசன் வந்தான்? இன்னிக்கி மனுசன் வந்த அப்பறம் மாடு வருது. எது முந்தி?"

மாமனார் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேதத்தை மூடினார், எழுந்தார், ஆணியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு ஜங்ஷன் பக்கம் நடந்து போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் பாயில் அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஜெபம் செய்யவும் ஆள் இல்லை.

மறுநாள் சாயங்காலம் விளக்குப் போட்டபோது அவர் வீட்டில் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மாமியார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே, "நான் இந்த வூட்டுக்கு வந்ததுலேந்து ஜெபம் நின்னதில்ல," என்று மட்டும் பொதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்குப் போட்ட சோற்றில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

என் வீட்டுக்காரர் உனக்கு எதற்கு இந்த வேலை என்று ஆரம்பித்தார். எது முந்தி என்று நீங்களாவது சொல்லுங்கள் என்றேன். எதுக்கு எது முந்தி என்று கேட்டார். அவரே வாசித்த வசனம், அவருக்கே தெரியவில்லை. அந்த ஆத்திரத்தில் அவரோடு பேச்சை நிறுத்தினேன். உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். முணுமுணுத்தவர்கள் சொன்னது சரி என்று மாமாவே நினைத்துவிட்டார் என்றுதான் எண்ணினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எஸ்டேட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போனில் தேடினேன். ஒருவர் இதெல்லாம் கட்டுக்கதை என்று கத்தினார். அவர் எனக்குப் பிரயோஜனமில்லை. இன்னொருவர் சாந்தமாக விளக்கினார். இரண்டும் ஒன்றுதான், முதல் அதிகாரம் மொத்தக் கதையைச் சொல்கிறது, இரண்டாவது மனிதன் பகுதியை மட்டும் விரித்துச் சொல்கிறது, முரண்பாடே கிடையாது என்றார். எனக்கு வேண்டியது இதுதான். பொம்மையைத் துடைத்துக்கொண்டே அதை மனப்பாடம் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, சாப்பிட்டு, மாமியார் படுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் சேத்தியாத்தோப்புக்கு யாரையோ பார்க்கப் போயிருந்தார். மாமனார் பின்பக்கம் துணிக்கொடிக்குப் புதுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் போய் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குக் கேட்டது தப்பு மாமா என்று ஆரம்பித்து, மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

அவர் முடிச்சுப் போடுவதை நிறுத்தினார்.

"செடி?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. என்ன செடி மாமா என்று கேட்டேன்.

"மொதல் அதிகாரத்துல மனுசனுக்கு முன்னாடியே செடிகொடி வந்துடுச்சி. ரெண்டாவதுல, மனுசன் இல்லாததால ஒரு பூண்டும் மொளைக்கலங்குது. அத எங்க வெப்ப? ஒண்ணுல ஆம்பளயும் பொம்பளயும் சேந்து வராங்க, இன்னொண்ணுல அவ கடைசியில வரா. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்காதம்மா."

நான் மாட்டை மட்டும்தான் பார்த்திருந்தேன். இவர் செடி, பெண் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறார். சரணடைய வந்தவளை எதிரி அடித்துத் துரத்தினால் எப்படி இருக்கும், அப்படி நின்றேன். உங்களுக்கு முன்பே தெரியுமா மாமா என்று கேட்டேன்.

அவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுத் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்த புதிதில், தனியாக வாசிக்கும்போது கண்ணில் பட்டதாம். கையெல்லாம் மண்ணாக வேலை செய்கிறவருக்கு இரண்டாம் அதிகாரம்தான் உயிர். அந்த உயிரான அதிகாரம் அதற்கு முந்தினதோடு ஒத்துப்போகவில்லையே என்று, அப்போது சபையில் பெரியவராக இருந்த ஒருவரிடம் கேட்டிருக்கிறார். இது சாத்தான் கேட்கிற கேள்வி, முழங்காலில் நில் என்று பதில் வந்தது. நின்றிருக்கிறார். கேள்வி போகவில்லை. அதன் பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"ஒவ்வொரு வருசமும் அந்த அதிகாரம் வர்ற அன்னிக்கி எனக்கு பயமா இருக்கும். யாராச்சும் கேட்டுருவாங்களோன்னு. யாரும் கேக்கல. அப்ப எனக்குத்தான் விசுவாசம் இல்ல, இந்தக் கோளாறு எனக்கு மட்டும்தான் போலன்னு முடிவு பண்ணிட்டேன்," என்றார். பிறகு, "உம்மேல கோவம் இல்லம்மா. நீ கேட்டதும் எனக்கு அழுகை வந்துருச்சி. மருமவ முன்னாடி ஒக்காந்து அழுவுறதா? அதான் எழுந்து போயிட்டேன்," என்றார்.

அதைச் சொல்லும்போது அழுதேவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் கண்ணீர் வந்தது. ஆனால் என் கண்ணீர் முழுக்க முழுக்கச் சந்தோஷம்தான், அதை மறைப்பானேன்? ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கி, மூச்சு தாராளமாக வந்தது. இந்த மனிதர் என்னைத் தள்ளிவைக்கவில்லை. இத்தனை வருடம் இவர்தான் தன்னைத் தள்ளிவைத்துக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்குச் சாயங்காலம் மறுபடி பாய் விரித்தோம். மாமனார் ஆளுக்கொரு வசனம் என்று முறை வைக்கவில்லை. இரண்டாம் அதிகாரத்தை எடுத்து, இது நேற்று வாசித்ததுக்கு வேறு மாதிரி சொல்லும், எல்லாரும் கவனித்துக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து கடைசி வரை தானே நிதானமாக வாசித்தார். நேற்று என்று அவர் சொன்னது போன வாரத்தை. நடுவில் போன நாட்களை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் முதல் தடவையாக அந்த அதிகாரத்தைக் கேட்டார். அட ஆமாம் என்றார்.

மாமியார் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"எனக்குக் கல்யாணமாயி வந்த வருசமே தெரியும்," என்றார்.

மாமனார் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

"ரெண்டு பேரு ரெண்டு வெதமா எழுதிருக்காங்க. சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு நான் கேக்கல. இதுக்குப் போயி இத்தினி நாளு மனசுல வெச்சிக்கினு இருந்தீங்களா?"

அப்படியெல்லாம் இரண்டு பேர் என்று சொல்லிவிட முடியாது என்று மாமனார் ஆரம்பித்தார். ஏன் முடியாது என்று மாமியார் கேட்டார். செடியை முன்வைத்து அவர் பேச, பெண்ணை முன்வைத்து இவர் பேச, நடுவில் நான் போனில் கேட்ட விளக்கத்தை மறுபடி கொண்டுவர, இரண்டு பேரும் சேர்ந்து என்னை அடக்கினார்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா இல்லையா என்பது அன்றைக்கு முடிவாகவில்லை, இன்றுவரை முடிவாகவும் இல்லை. ஜெபம் முடிய நேரமாகிவிட்டது. ஆறிப்போன சோற்றைச் சுற்றி உட்கார்ந்து அப்போதும் அதையே பேசிக்கொண்டிருந்தோம். நான் யாரும் சொல்லாமலே சோற்றுப் பானையைப் பக்கத்தில் இழுத்து, இரண்டாம் தடவை எனக்குப் போட்டுக்கொண்டேன்.