தங்கச்சியின் முகம் திரும்பக் கிடைத்தது

நாலு வருஷத்துக்கு முன்னால், ஆடிப்பெருக்கு அன்று, எங்கள் ஊரான கொமரலிங்கத்தில் அமராவதி ஆற்றுக்கு என் தங்கச்சியைப் பறிகொடுத்தேன். அவளும் நானும் திருப்பூர் மண்ணரையில் ரூம் எடுத்துத் தங்கி, ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் ஓவர்லாக் மெஷினில் தைப்பேன், அவள் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங். லீவுக்கு ஊருக்குப் போயிருந்தோம். குளிக்க இறங்கியவள் மணல் குழியில் காலை வைத்துவிட்டாள். எட்டி அவள் கையைப் பிடித்தேன். தண்ணீர் இழுத்த இழுப்பில் கை நழுவிவிட்டது.

உயிரில்லாமல் தூரத்தில் கரை ஒதுங்கியவளை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என்னைப் பக்கத்தில்கூட விடவில்லை.

அதற்குப் பிறகு என்னால் தலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்ற முடியவில்லை. ஊற்றினால் மூச்சு அடைக்கும். கம்பெனியில் துணி தேய்க்கும் அயர்ன் மாஸ்டர் ஸ்டீம் விடும் சத்தம், ஆற்று இரைச்சல் போலவே கேட்டு, தையல் கோணிவிடும். எல்லாவற்றையும் விடக் கொடுமை, அவளை நினைத்தால் தண்ணீருக்குள் மிரண்டுபோன அந்தக் கண்கள் மட்டுமே வந்தன. அவள் சிரித்த முகம் மறந்தே போய்விட்டது. அவள் போட்டோவைப் பார்த்தாலும் அதே கண்கள்தான் தெரியும். எனக்குத் துணையாக வந்து தங்கியிருந்த அம்மா, அதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

கடைசியில் அம்மாதான் பெரியாஸ்பத்திரியில் மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனார். என் வயசுதான் இருக்கும் அந்த மேடத்துக்கு. கண்ணை மூடிக்கொண்டு, பாதுகாப்பாகத் தோன்றும் ஓர் இடத்தை மனசில் கொண்டுவரச் சொன்னார்.

"கண்ண மூடுனாலே ஆறுதானுங்க வருது" என்றேன்.

"பரவால்லீங்க. ஆத்துக்கு இப்பப் போக வேண்டாம். வேற எங்கயாச்சும் போலாம்."

மலை, கடல் எதுவும் எனக்கு வரவில்லை. காலையில் எங்களை ஏற்றிப்போகும் கம்பெனி வேன்தான் வந்தது. ஜன்னல் ஓரம் நான், என் தோளில் தூங்கிவழியும் தங்கச்சி. என்ன வாசம் வருகிறது, கை எதன்மேல் இருக்கிறது என்று மேடம் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, தோளில் அவள் தலையின் கனத்தை உணர்ந்தேன். பல வாரங்கள் மனசுக்குள் அந்த வேனுக்கு மட்டுமே போய் வந்தோம். ஆற்றங்கரைக்குத் தனியாக மனசில் போய்ப் பார்க்க வேண்டாம், இங்கே வந்து சேர்ந்து போகலாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பிறகு ஒருநாள், மேடத்தின் எதிரில் கண்ணை மூடியபடியே, கரைக்குப் போனோம். முதல் தடவை, கற்பனையில் அவளை இழுத்துக் கரை சேர்த்துவிட்டேன். கண்ணைத் திறந்தால் அவள் இல்லை. அன்றைக்கு அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை. இனி வரவே கூடாது என்றுதான் வீடு திரும்பினேன். அம்மா கெஞ்சியதால்தான் மறுபடி போனேன்.

அப்போது மேடம் வேறு மாதிரி கேட்டார்: "அன்னைக்கு அவங்களுக்குச் செய்ய முடியாமப் போனது எதுங்க? அதை இப்பச் செய்யுங்க."

கரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஈரம் துவட்டினேன். சிக்கு எடுத்துத் தலை சீவினேன். "பயப்படாத கண்ணு, அக்கா இருக்கறேன்" என்று வாய்விட்டே சொன்னேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "மெதுவாச் சீவுக்கா, வலிக்குது" என்றாள். தினமும் காலையில் சிணுங்குவாளே, அதே முகம், அதே குரல்.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளியலறைக் கதவுக்கு வெளியே அம்மா நின்றிருக்க, தலைக்கு ஊற்றிக் குளித்தேன். மூச்சு திணறத்தான் செய்தது, ஆனால் பாதியில் ஓடிவரவில்லை. தலை துவட்டியதும் போட்டோவை எடுத்துத் தரச் சொன்னேன். அம்மா துணியைப் பிரித்து அதைச் சுவரில் மாட்டினார். இரண்டு பேரும் அதன் கீழே உட்கார்ந்து பார்த்தோம்; இப்போது அவள் சிரித்த முகம்தான் தெரிந்தது.

ஸ்டீம் சத்தத்துக்கு இன்றும் சில நாள் திடுக்கிடுவேன். புதுசாக ஒரு டிசைன் வந்தால் அவளிடம் காட்டத் திரும்பிவிட்டு, வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அவளை நினைக்கவே பயந்து ஓடிய எனக்கு, இப்போது ஆசைதீர அவளுக்காக ஏங்க முடிகிறது. அந்த ஏக்கத்தை யாரும் என்னிடமிருந்து எடுத்துவிட வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.